இடது கால்

இந்த மென்பொருளை நம்புகிறீர்களா என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. ஆமாம் என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒரு பொத்தான். என்னிடம் வந்து நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறது பார், இதற்கு என்ன துணிச்சல். ஆறு வருஷம் கூடவே விளையாடியவர்கள் என்னை நம்பவில்லை, நான் மட்டும் முன்பின் தெரியாத ஒரு மென்பொருளை நம்பினால் என்ன குறைந்துவிடும். ஆமாம். மறுபடி கேட்கிறது, இது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தீங்கு செய்யலாம். செய்யட்டும். தீங்கு செய்யத்தானே கூப்பிட்டேன். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்கிறது, பாதியில் நிற்கிறது, யோசித்துவிட்டு மறுபடி நகர்கிறது. மணி பதினொன்று ஐந்து. அடுப்பில் கறி. ஏழு விசில் வரவேண்டும், இன்னும் ஒன்றுகூட வரவில்லை. கூடத்தில் அவர் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையுமா வேலை என்று ஒரு தடவை கேட்டார், ஆமாங்க, அவசர ஃபைல் என்றேன். பொய். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரிப் பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உண்மையை எப்படிச் சொல்வது. ஒரு விளையாட்டில் ஒருவன் என் மானத்தை வாங்கிவிட்டான், அவன் பெயரில் போட் ஓட்டி அவனை அதே சந்தியில் நிறுத்தப் போகிறேன் என்றா சொல்வது. போட் என்றால் என்ன என்பார். ஆள் இல்லாதபோது ஆளுக்குப் பதிலாகத் தானே விளையாடுகிற மென்பொருள் என்பேன். ஆளே இல்லாமல் விளையாட்டு எதற்கு என்பார். முதல் விசில் வந்துவிட்டது.

பச்சைக் கோடு முடிந்து ஒரு மஞ்சள் எறும்பு திரையில் வந்து நிற்கிறது. அதுதான் இதன் அடையாளம் போலிருக்கிறது. நல்ல அடையாளம்தான், சோறு தண்ணி கேட்காமல் ஊர்ந்துகொண்டே இருக்குமாம். எந்த விளையாட்டு என்று எறும்பு கேட்கிறது. ஏழ்கடல். என் மகள் சஹானா விளையாடிய விளையாட்டு, அவள் கல்லூரி விடுதிக்குப் போனபோது பழைய லேப்டாப்போடு சேர்த்து எனக்கு விட்டுவிட்டுப் போனது. அவள் ஒரு மூலிகைக்காரியை வைத்திருந்தாள், மஞ்சள் சேலை, முதுகில் கூடை. வாடிப்போகக் கூடாதே என்று தினம் ஒரு தடவை திறந்து பார்க்க ஆரம்பித்தேன், பிறகு பெயரை ஆவாரம் என்று மாற்றினேன், பிறகு அது நானாகிவிட்டது. அடுத்து, யாருடைய அக்கவுண்ட் என்று எறும்பு கேட்கிறது. இங்கேதான் கை ஒரு நொடி நிற்கிறது. நிற்காதே. எழுது. இடிமுழக்கம். பெயரைப் பார் பெயரை. நேரில் பார்த்தால் லோகேஸ்வரன், பொள்ளாச்சிக்காரன், ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை, முப்பத்தொரு வயது, போனில் பேசினால் தொண்டைக்குள்ளேயே பேசுவான், அவனுக்கு இடிமுழக்கம். எங்கள் கார்முகில் படைக்கு அவன்தான் தலைவன். எங்கள் என்று இன்னும் வருகிறது வாயில். நாற்பத்தேழு பேர், தூத்துக்குடியிலிருந்து துபாய் வரை, ஞாயிறு நாலு மணிக்கு எல்லோரும் சேர்ந்து கோட்டையைப் பிடிக்கப் போவோம். போவார்கள். அடிபட்டவர்களுக்கு மருந்து வேண்டும், மருந்துக்கு நீலநெருஞ்சிப் பூ வேண்டும், அந்தப் பூவை மலைக்குளத்துக் கரையில் ஒவ்வொன்றாகக் குனிந்து பறிக்க வேண்டும். வாளைச் சுழற்ற எல்லோரும் வருவார்கள், குனிந்து பறிக்க எவனும் வரமாட்டான். நான்தான் பறித்தேன். ஆறு வருஷம்.

பாஸ்வேர்ட் என்கிறது எறும்பு. தெரியும். ஆழியாறு, அதன் பின்னால் அவன் பைக்கின் நாலு எண். நானாகத் திருடியது இல்லை, அவனே கொடுத்தது. போன வருஷம் ஆவணியில் அவன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தான். விளையாட்டில் அவன் தோட்டம் போட்டிருந்தான், தினம் தண்ணீர் விடாவிட்டால் செடி பட்டுப்போகும். "அக்கா, ஒம்போது நாளைக்கு என்ற தோட்டத்தப் பாத்துக்குங்க்கா, கல்யாண வேலையவிட அதுதானுங்க்கா கவலையா இருக்குது." பார்த்துக்கொண்டேன். ஒன்பது நாளும் ஆவாரத்தை மூடிவிட்டு இடிமுழக்கமாகப் போய்த் தண்ணீர் விட்டேன், ஒரு செடி வாடவில்லை. வந்து பார்த்தவன் ஒரு டப்பா தேங்காய் பர்பி அனுப்பினான், நாங்கள் இரண்டு பேரும் நாலு நாள் வைத்துத் தின்றோம், டப்பாவில் இப்போது சீரகம் இருக்கிறது. பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றியிருப்பான் என்றுதான் நினைத்தேன். போன வாரம் சும்மா போட்டுப் பார்த்தேன், திறந்துகொண்டது. திருடி என்று என்னைத் துரத்தியவன் பூட்டை மாற்றவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தியைத் திருடி என்று சொன்னால் குறைந்தபட்சம் அவளைக் கண்டு பயப்படவாவது வேண்டாமா. பயப்படவில்லை என்றால் என்ன அர்த்தம், இவள் என்ன செய்துவிடுவாள் என்று அர்த்தம். செய்கிறேன் பார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒன்று வரை அவன் மாமனார் தோட்டத்தில் இருப்பான், அங்கே சிக்னல் கிடையாது, இதையும் அவனேதான் சொன்னான். ஆறு வருஷத்தில் ஒருவனைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டுவிடுகிறோம், அவனைக் கெடுக்க வேண்டிய அளவு தெரிந்துவிடுகிறது. இரண்டாவது விசில்.

அடுத்து எறும்பு ஒரு பெட்டியைத் திறக்கிறது. ஒரு தடவை நீங்கள் செய்து காட்டுங்கள், நான் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்கிறது. செய்து காட்டவா. எனக்குச் சிரிப்பு வருகிறது. மேஜைக்குக் கீழே இரண்டு மிதிகள் இருக்கின்றன. என் வேலை அப்படி. எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிவைப்பார்கள், நான் இங்கே எங்கள் ஊர் கணபதியில் இருந்து காதில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு கையும் தட்டச்சுக்கு, அதனால் குரலை ஓட்டவும் நிறுத்தவும் காலுக்கு ஒரு மிதி. வலது காலால் அமுக்கினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் வாயை மூடுவார். அந்த அளவுக்கு டாக்டர்களை அடக்கி வைத்திருக்கிறவள் நான். இப்போது அதிலும் மண் விழுந்துவிட்டது, முதலில் கம்ப்யூட்டரே கேட்டுத் தட்டிவிடுகிறது, நான் அதன் பிழைகளைத் திருத்துகிறேன். இரண்டாவது மிதி பழைய கம்பெனி கொடுத்தது, அவர்கள் மூடிவிட்டுப் போனபோது திரும்பக் கேட்கவில்லை. அதைத்தான் சஹானாவின் லேப்டாப்பில் மாட்டி, ஒரு மிதிக்கு ஒரு பூ என்று அமைத்துக்கொண்டேன். லேப்டாப் மேஜையின் ஓரத்தில் இருக்கும், காதில் டாக்டர், கையில் தட்டச்சு, வலது கால் சம்பளத்துக்கு, இடது கால் எனக்கு. நாலு நொடிக்கு ஒரு மிதி, ஒரு பூ. அதைப் பற்றி நினைக்கக்கூட மாட்டேன், மூச்சு விடுவது தானாக நடக்கிறது இல்லையா, அப்படி. படையில் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், தையல் மெஷின் அக்கா என்று பெயர் வைப்பார்கள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவேண்டும், என் கால் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பதா. என்னைத் துரத்திய வாரப் பட்டியலில் பூப் பறித்ததில் ஆவாரம் முதல் இடம், இரண்டாவது ஆளைப்போல ஏழு மடங்கு. யாரோ புகைந்திருக்கிறார்கள். புகைந்தது அவன் காதுக்குப் போயிருக்கிறது.

அவன் போட்ட விதி ஒன்று உண்டு. போட் வைத்திருப்பவர்கள் பிடிபட்டால் விளையாட்டுக் கம்பெனி படையையே கலைத்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் யாரும் யார் முன்னாலும் போய் நின்று வணக்கம் சொல்லு என்று எழுதலாம். இரண்டு நிமிஷத்துக்குள் பதில் வந்தால் ஆள். வராவிட்டால் போட், படையை விட்டு வெளியே. நல்ல விதி என்று நானும்தான் கைதூக்கினேன். நாற்பத்தொரு நாளுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், குளக்கரையில் ஆவாரத்தின் எதிரில் இடிமுழக்கம் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் படைக்கு மருந்து காய்ச்சுகிற அருள்மேரி, அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். எனக்குக் காதில் இதய அறுவை ஃபைல், மார்பைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் விட்டால் ஒரு மருந்தின் அளவு தப்பாகிவிடும், இரண்டு கையும் அதில் இருந்தன. ஃபைல் முடிந்து லேப்டாப்பைப் பார்த்தபோது, கார்முகில் படையிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு ஒரு வரி. சாயங்காலம் மூன்று தடவை போன் அடித்தான், எடுக்கவில்லை. குரல் பதிவு ஒன்று அனுப்பினான், ஒரு நிமிஷம் நாற்பது நொடி. முதல் பத்து நொடி கேட்டேன். "நாலு செகண்டுக்கு ஒரு தடவ, ஒரு மணி நேரமா ஒரு இடத்துலகூடத் தப்பலீங்க்கா. எல்லாத்துக்கும் ஒரே ரூல் தானுங்க்கா." அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்தவர் குரலைக் கடைசிவரை கேட்டே வயிறு வளர்த்தவள், அந்த ஒன்றை மட்டும் பத்து நொடியில் நிறுத்தினேன். எல்லோருக்கும் ஒரே விதி. சரிடா தம்பி. ஒரே விதி. இன்றைக்கு உன் முறை.

கையை எடுத்துவிட்டு இடது காலை மிதியில் வைக்கிறேன். பதிவு என்று சிவப்புப் புள்ளி எரிகிறது. மிதி. மிதி. மிதி. திரையில் இடிமுழக்கம் தன் பெரிய தோளோடு குனிந்து பூப் பறிக்கிறான், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, குனிந்து பழக்கமில்லாத உடம்பு. அறுபது மிதி போதும் என்கிறது எறும்பு. மூன்றாவது விசில், நாலாவது விசில். மிதிப்பது சுகமாக இருக்கிறது, நாற்பத்தொரு நாளாக இந்தக் கால் சும்மா கிடந்தது, ராத்திரி தூக்கத்தில் கட்டிலை உதைக்கிறேன் என்று அவர் சொன்னார். பதிவு முடிந்தது. எறும்பு ஒரு நீளமான பட்டியலைக் காட்டுகிறது, ஒவ்வொரு மிதிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று. நாலு புள்ளி ஒன்று. நாலு புள்ளி மூன்று. மூன்று புள்ளி ஒன்பது. நாலு புள்ளி ஆறு, அது நாலாவது விசில் வந்த இடமாக இருக்கும். மறுபடி நாலு புள்ளி ஒன்று. கீழே ஒரு வரி, இடைவெளிகள் சீராக இல்லை, இது மனிதர் செய்த பதிவு, சீராக்கட்டுமா. மனிதர் செய்த பதிவு. ஒரு தடவை படிக்கிறேன். இன்னொரு தடவை படிக்கிறேன். அவன் போனை வைத்து நொடி எண்ணிப் பார்த்து ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை என்றானே. தப்பியிருக்கிறது. அறுபதில் ஐம்பத்திரண்டு இடத்தில் தப்பியிருக்கிறது. விசில் வந்தால் தப்பியிருக்கிறது, அவர் தும்மினால் தப்பியிருக்கிறது. நாற்பத்தொரு நாளாக நான் யாரிடமும் கேட்டு வாங்க முடியாத சாட்சி இங்கே இருக்கிறது, இதைப் படம் எடுத்து அவர்கள் மூஞ்சியில் எறியலாம், அருள்மேரிக்கு அனுப்பலாம், பார் தாயே, படித்தவள்தானே நீ, படி. கை போனை எடுக்கப் போய்விட்டது. எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பட்டியலை எங்கே எடுத்தாய் என்று கேட்பார்களே. போட் மென்பொருளில் எடுத்தேன் என்பேனா. போட் மென்பொருள் உன் கம்ப்யூட்டரில் எதற்கு என்பார்களே. நான் களவு செய்யவில்லை என்பதற்கு ஒரே சாட்சி கன்னக்கோல்தான், அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த்தான் நான் சாட்சி சொல்ல வேண்டும். நல்ல நீதி. போனைக் கவிழ்த்து வைக்கிறேன். கண் கொஞ்சம் எரிகிறது, வெங்காயம் நறுக்கிய கையைக் கண்ணில் வைத்திருப்பேன். ஆமாம், சீராக்கு. எல்லாம் நாலு புள்ளி இரண்டு. ஒன்றுகூடப் பிசகக் கூடாது. நான் எப்படி இருந்தேன் என்று நீ சொன்னாயோ, நீ அப்படி இரு.

இன்னும் ஒரே ஒரு பெட்டி பாக்கி. யாராவது உங்களிடம் பேசினால் என்ன செய்ய வேண்டும். மூன்று வழி தருகிறது எறும்பு. தயாராக வைத்த ஒரு பதிலைச் சொல்லலாம். விளையாட்டை நிறுத்திவிடலாம். ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடரலாம். மூன்றாவதுதான். மூன்றாவதைத் தொடப் போகிறேன், விரல் அந்த வரியின்மேல் நிற்கிறது. ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடரவும். ஐந்தாவது விசில். இதை நான் எங்கேயோ செய்திருக்கிறேன். எங்கேயோ என்ன எங்கேயோ, இந்த நாற்காலியில்தான். நான் பார்த்தேன். ஃபைலில் மூழ்கிப் பார்க்காமல் போய்விட்டேன் என்று எனக்கு நானே நாற்பத்தொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் பார்த்தேன். இடிமுழக்கம் வந்து நின்றதும் பார்த்தேன், பின்னால் கூட்டம் சேர்ந்ததும் பார்த்தேன். அக்கா, வணக்கம் சொல்லுங்க என்று எழுத்து வந்ததும் பார்த்தேன். வலது காலை எடுத்தால் டாக்டர் வாயை மூடுவார், ஒரு கையால் ஐந்து எழுத்துத் தட்ட மூன்று நொடி போதும். தட்டவில்லை. உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. நீ ஆளா என்று என்னைக் கேட்கிறான். எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் தண்ணீர் விட்ட தோட்டத்துக்காரன், நீ ஆளா என்று கேட்கிறான். சொல்ல மாட்டேன் போ என்று லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்துவிட்டேன், திரை தெரியாதபடி. இடது காலை எடுத்தேனா, எடுக்கவில்லை. அழுத்தி அழுத்தி மிதித்தேன், பார்த்துக்கொள், மிதிக்கிறேன், என்ன செய்வாய். அந்த ஃபைல் முடிகிறவரை மூடியைத் தூக்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷ ஃபைல். முடிந்தபிறகு தூக்கினால் நான் வெளியே கிடந்தேன். அதனால் என்ன. இரண்டு நிமிஷத்தில் தள்ளிவிட்டுப் போனவர்கள்தானே. ஆறு வருஷப் பழக்கத்துக்கு இரண்டு நிமிஷம் பொறுத்தவர்கள். நான் பேசவில்லை என்றால் அது என் ரோஷம், அவர்கள் பொறுக்கவில்லை என்றால் அது அவர்கள் குணம், இரண்டும் ஒன்றாகுமா. ஒன்றாகாது. ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடரவும். தொட்டுவிட்டேன். தொடங்கு என்ற பொத்தானையும் தொட்டுவிட்டேன்.

எறும்பு வேலையில் இறங்கிவிட்டது. இடிமுழக்கம் குனிகிறான், பறிக்கிறான், நிமிர்கிறான், நாலு புள்ளி இரண்டு, குனிகிறான், பறிக்கிறான், நிமிர்கிறான். என் இரண்டு கையும் மடியில் இருக்கின்றன. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு வேலை நடப்பதைப் பார்ப்பது விநோதமாகத்தான் இருக்கிறது, கல்யாண வீட்டில் வேலை கொடுக்காமல் உட்கார வைத்த மாதிரி. பதினொன்றரைக்கு அருள்மேரி வருவாள். ஞாயிறு தவறாமல் நாலு மணிப் போருக்கு மருந்து காய்ச்சப் பூ எடுக்க வருவாள், நான் போனபிறகு அவளேதான் பறிக்க வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வேலை, சொல்லில் சுத்தம், விதியில் சுத்தம், தன் சித்தி மகனையே இந்தச் சோதனை வைத்து வெளியே தள்ளியவள். அவள் தள்ளுவாள். திரையைப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்புவாள். மாமனார் தோட்டத்திலிருந்து அவன் ரோட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் போன் கிணுகிணுக்கும், எடுத்துப் பார்ப்பான், நீக்கப்பட்டீர்கள். நான் இல்லை, நான் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் போன் அடிப்பான். யாரும் எடுக்க மாட்டார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும். அந்தக் கணத்தைத்தான் நாற்பத்தொரு நாளாக எச்சில் ஊற நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது நெருங்கி வரும்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது. ஒருவேளை கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டால், படையையே கலைத்துவிட்டால், நாற்பத்தாறு பேரும். கலையட்டும். எனக்கு இல்லாத படை யாருக்கு இருந்தால் என்ன. ஆறாவது விசில்.

வந்துவிட்டாள். பதினொன்று முப்பத்திரண்டு. குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து முதுகில் வில்லோடு சின்னதாக ஓடி வருகிறாள், விளையாட்டிலும் அருள்மேரி என்ற பெயரேதான், ஒளிக்க ஒன்றுமில்லாதவள். "தலைவரே, தோட்டத்துக்குப் போவலியா இன்னைக்கி" என்று எழுதுகிறாள். இடிமுழக்கம் குனிகிறான், பறிக்கிறான். அவள் பக்கத்தில் வந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். தலைவரே என்கிறாள். நிமிர்கிறான், குனிகிறான். அவள் நின்றுவிட்டாள். பார், பார்த்துக்கொள், நாலு நொடிக்கு ஒரு தடவை, எண்ணு. வணக்கம் சொல்லுங்க என்று எழுதிவிட்டாள். மூலையில் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கிறேன், முப்பத்துநாலு. கையை மடியிலேயே வைத்திருக்கிறேன், ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்திருக்கிறேன். முப்பத்தைந்து. அவள் அசையவில்லை. முப்பத்தாறு. முடிந்தது, இரண்டு நிமிஷம் முடிந்தது, தள்ளு. அவள் மறுபடியும் எழுதுகிறாள், வணக்கம் சொல்லுங்க தலைவரே. எதற்கு இரண்டாம் தடவை, விதியில் இரண்டாம் தடவை இருக்கிறதா. முப்பத்தேழு. "சாப்புடப் போயிட்டிய போல. போயிட்டு வாங்க, அதுவரைக்கும் நான் காவலுக்கு நிக்கேன்." வில்லைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எறும்புக்கு முதுகைக் காட்டி, எதிரி வந்தால் அடிக்கத் தயாராக நிற்கிறாள். போட்டுக்குக் காவல். அவன் என்றால் சாப்பிடப் போயிருப்பான். நான் சாப்பிடவே மாட்டேனா. எனக்குப் பசிக்காதா. எல்லோருக்கும் ஒரே விதி என்றார்களே, எங்கே அந்த விதி, கொண்டுவா. மடியிலிருந்து கை எப்போது எழுந்தது என்று தெரியவில்லை. எறும்பை நிறுத்திவிட்டேன். இடிமுழக்கத்தின் வாயால் நானே தட்டுகிறேன், நான் போட். என்னை வெளியே தள்ளு.

சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுகின்றன, ஐந்தாறு. "நான் போட்டுன்னு எந்தப் போட்டு தலைவரே சொல்லும். உங்களுக்குக் கேலிதான்." பதில் சொன்னால் ஆள். நான் எதைச் சொன்னாலும் பதில்தான், தள்ளு என்றால்கூட அது வணக்கம்தான். அவன் தப்பித்துவிட்டான், என் கையாலேயே தப்பிக்க வைத்துவிட்டேன். திட்ட வேண்டும் போலிருக்கிறது, யாரை என்று தெரியவில்லை. அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள், மூன்று புள்ளிகள் எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றன. நீளமாக வருகிறது. "ஆவாரம் அக்காவும் அன்னைக்கி இப்படி ஒரு வார்த்தை ஏசியிருந்தாக்கூடப் போதும், இல்ல? நீங்க எவ்வளவு நேரம் நின்னிய. ரெண்டு நிமிசம்னு ரூல் போட்டதே நீங்கதான், அக்காவுக்கு மட்டும் இருவது நிமிசம் நின்னிய. அக்கா ஒரு எழுத்து போதும், ஒரு புள்ளி வைங்கக்கான்னு எத்தன தடவ எழுதுனிய. நாங்கதான் பொறுக்காம ரூலு ரூலுன்னு உங்களப் பிடிச்சி இழுத்தோம். எனக்கு இப்பவும் மனசு கேக்கல."

ஒரு புள்ளி. இருபது நிமிஷம். அந்த ஃபைல் இருபத்திரண்டு நிமிஷம். மூடிக்கு அந்தப் பக்கம் அவன் நின்று ஒரு புள்ளி வை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், மூடிக்கு இந்தப் பக்கம் நான் அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நிமிஷம் நாற்பது நொடிப் பதிவில் பத்து நொடிக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்கு இப்போது கேட்காமலேயே தெரிகிறது. கேட்டிருந்தால், இல்லை, மூடியைத் தூக்கியிருந்தால், இல்லை, அதற்கும் முன்னால். எதுவும் போதாமல் எல்லாம் ஒரே இடத்தில் போய் இடிக்கிறது, மூன்று நொடி, ஒரு கை. ஏழாவது விசில் வந்துவிட்டது, எட்டாவதும் வருகிறது. கூடத்திலிருந்து அவர் கூப்பிடுகிறார், "புனிதா, அடுப்ப அணைச்சிரட்டா?" குரல் காதில் விழுகிறது, வாய் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "புனிதா, இருக்கியா?" இருக்கேன் என்றேன். எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னேன், இருக்கேங்க, அணைச்சிருங்க. திரையில் அருள்மேரி வில்லை முதுகில் மாட்டிக்கொண்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேஜைக்குக் கீழே இடது கால் தானாக மிதிக்கிறது, எடுத்துத் தரையில் வைக்கிறேன். பிறகு ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, வணக்கம் என்று தட்டினேன். நாற்பத்தொரு நாள் கழித்துச் சொல்லிவிட்டேன். திரையில் அது இடிமுழக்கம் என்ற பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது, வணக்கம் தலைவரே என்று அருள்மேரி அவனுக்குப் பதில் எழுதினாள்.